மேனேஜருக்கு விழுந்த அடி

அத்தியாயம் 11

சோலையின் வலது கையில் கட்டுப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. அந்தக் கைக்கு வலி தெரியாது. அதுதான் நாகஜோதியை இன்னும் அதிகமாக வாட்டியது. தான் வளர்த்த நாய் கடித்த வலியைக்கூட அந்த மனிதரால் உணர முடியவில்லையே என்று, கட்டு மாற்றும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திருமங்கலம் காய்கறி மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருடம் ஏலம் விட்டவர் சோலை. அவர் தக்காளிக் கூடைக்கு விலை கூற ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்குக் கேட்கும் என்பார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. அப்படிப்பட்டவரை ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே நாளில் போயின. ஒரு மாதம் மதுரையில் ஆஸ்பத்திரி வாசம். உயிர் தப்பினால் மொட்டை எடுப்பதாக நாகஜோதி குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள். தப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து கார் நேராகக் கோயிலுக்குப் போய், அவருடைய முடியும் முறுக்கு மீசையும் அங்கே போன பிறகுதான் வீட்டு வாசலுக்கு வந்தது.

வாசலில் மேனேஜர் நின்றான்.

மேனேஜர் என்பது நாய். சிப்பிப்பாறை ஜாதி; ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு. "ஒரு வேலையும் செய்ய மாட்டான், அம்புட்டுப் பேரையும் மேற்பார்வை மட்டும் பாப்பான்" என்று சொல்லி சோலை வைத்த பெயர் அது. பேங்கில் உதவி மேனேஜராக இருக்கும் மகன் சூரியபிரகாஷ் அந்தப் பெயரை மாற்றச் சொல்லி இரண்டு வருடம் போராடித் தோற்றுப்போனான்.

மொட்டைத் தலை, மீசையில்லாத முகம், உடம்பெல்லாம் தைல வாசம், சிமெண்ட் தரையில் கிறீச் கிறீச்சென்று வாக்கரை இழுத்துக்கொண்டு வரும் ஒரு புது ஆள். மேனேஜர் பல்லைக் காட்டி உறுமியது. அப்போது சோலையின் முகம் போன போக்கை நாகஜோதி பார்த்தாள். வீட்டில் எல்லோரும் அவரைப் பழைய சோலையாகவே பாவித்து நடித்துக்கொண்டிருந்தார்கள். நாய்க்கு நடிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாளும் அந்த உறுமல் நிற்கவில்லை. போன ஞாயிறு கடியிலேயே வந்து முடிந்தது. "வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் வண்டி வருதும்மா. டி. கல்லுப்பட்டில என் ஃப்ரெண்டு தென்னந்தோப்புல விட்டுருவோம். புதன்கெழம திவ்யா பிரசவத்துக்குப் போன அவ அம்மா வீட்டுலருந்து எங்க மூணு மாசக் கொழந்தையத் தூக்கிக்கிட்டு வாரா. இனிமே என்னால தாங்க முடியாது" என்றான் சூரியபிரகாஷ். அதைக் கேட்ட சோலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று நாள் சோறு சரியாக இறங்கவில்லை. நாகஜோதி மகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு பயிற்சியாளரை வரவழைத்தாள்.

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலை ஒன்பது மணிக்கு அல் அமீன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கோரிப்பாளையத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நாய்களைப் பழக்குவதுதான் தொழில். கப்பலூர் பக்கம் ஒரு மைதானம் வைத்திருக்கிறார். அவருடைய உம்மா மரியம் பீவி, சட்டையில் ஒரு நாய் முடி ஒட்டியிருந்தாலும் தொழுகிற வீட்டுக்குள் விடமாட்டார் என்பதால் மாற்றுத்துணி, சோப்பு, துண்டு எல்லாம் பைக் பெட்டியிலேயே இருக்கும். வியாழக்கிழமை முதல் தடவை வந்தபோது கொல்லையில் கட்டியிருந்த நாயையும் முன்பக்கம் உட்கார்ந்திருந்த சோலையையும் மாறி மாறி இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"இன்னைக்கும் வேடிக்கைதானா பாய்?" என்று சூரியபிரகாஷ் கேட்டான். குரலில் எரிச்சல் இருந்தது.

"இன்னைக்கு வேலை தம்பி. ஆனா அண்ணனும் நானும் மட்டுந்தான் வெளிய இருப்போம். நீங்களும் அக்காவும் உள்ள இருங்க. கூப்பிட்டாத்தான் வரணும்."

சோலையை போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாகஜோதி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அல் அமீன் மேனேஜரை நீளக் கயிற்றில் பிடித்துக் கூட்டி வந்து, தூரத்திலேயே நிறுத்தினார். பையில் அவித்த கோழி ஈரல் இருந்தது. ஒரு துண்டை எடுத்து சோலையின் இடது கையில் வைத்தார்.

"அண்ணே, அவன் மூஞ்சியப் பாக்காதீங்க. கையை மட்டும் தொங்கப் போட்டுருங்க. வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நமக்கென்ன அவசரம்?"

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் இரண்டடி வரும், நிற்கும், பின்வாங்கும். சோலையின் பிடி நழுவியது. ஈரல் கீழே விழுந்தது. அல் அமீன் இன்னொரு துண்டை வைத்தார். அதுவும் விழுந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, மூன்றாவதை வைத்தார்.

அப்புறம் நாய் வந்தது. கழுத்தை நீட்டி ஈரலைக் கவ்விக்கொண்டு ஓடியது. மறுபடி வந்தது. இந்த முறை தின்றுவிட்டு அங்கேயே நின்று விரல்களை முகர்ந்தது. மணிக்கட்டை முகர்ந்தது. முழங்கைக்குப் போய், அங்கிருந்து அக்குள் வரைக்கும் மூக்கை நுழைத்தது. திடீரென்று அதன் தொண்டையிலிருந்து ஒரு கேவல் வந்தது. வாலும் இடுப்பும் முதுகும் சேர்ந்து ஆட, சோலையின் மடியில் தலையைத் திணித்துக்கொண்டு அழுதது. நாய் அழுமா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அழுதது.

சோலையும் அழுதார். வார்த்தை வராத வாய் கோணி, "ஆ... ஆ..." என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இடது கை நாயின் காதைப் பிடித்து வருடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குரல் இல்லாதவருக்குக் கை இருக்கிறதே என்றார் அல் அமீன். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் உட்காரு. மார்பை நோக்கி மடக்கினால் வா. கையை வீசி மேலே காட்டினால் ஏறு. மேனேஜர் புத்திசாலி. பத்தரை மணிக்குள் சோலை கையை அமுக்க உட்கார்ந்தது, வீச பெஞ்சில் ஏறியது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து தன் பேச்சை யாரும் கேட்டு நடந்து பார்த்திராத மனிதர், ஒரு கை அசைவுக்கு ஓர் உயிர் எழுந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். கோணல் சிரிப்பு. நாகஜோதிக்கு அது போதுமாக இருந்தது.

அவளால் உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. பதினோரு மணி மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம்தான். அதைச் சாக்காக வைத்து, தண்ணீர்ச் சொம்போடு கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "பாத்தீங்களா? அவன் உங்கள மறக்கல, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டே புருஷன் தோளில் கை வைத்தாள்.

மேனேஜர் பெஞ்சிலிருந்து குதித்தது. வால் கால்களுக்கிடையில் போனது. முதுகு மயிர் சிலிர்க்க, இத்தனை நேரம் யார் மடியில் தலை வைத்திருந்ததோ அவரைப் பார்த்தே பல்லைக் காட்டி உறுமியது. அல் அமீன் கயிற்றை இழுத்திருக்காவிட்டால் பாய்ந்திருக்கும்.

"அக்கா, உள்ள போங்க."

போனாள். கொஞ்ச நேரத்தில் நாய் அடங்கி, மறுபடி சோலையின் காலடிக்கு வந்தது.

"இப்ப கையில ஒன்னும் இல்லாம மெதுவா வாங்க. பேசாதீங்க."

வந்தாள். நாய் சோலையைப் பார்த்து உறுமியது.

"உள்ள போங்க."

மூன்றாவது தடவையும் வரச் சொன்னார். அதே உறுமல். அல் அமீன் நாயைக் கொண்டுபோய் கொல்லையில் கட்டிவிட்டு வந்து, படியில் உட்கார்ந்தார். சூரியபிரகாஷும் வெளியே வந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அண்ணனப் பாத்து அவன் உறுமினப்பல்லாம் நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வேன்? விடுவேனா தம்பி?" நாகஜோதியின் குரலில் பெருமைகூட இருந்தது. "ஒவ்வொரு தடவையும் வெளுத்துட்டேன். பக்கத்துல இருந்தாத்தான் பழகும்னு அவரு நாற்காலிக் கால்லயே கட்டிப் போடுவேன். உறுமுனான்னா கம்பெடுத்து முதுகுலயே ரெண்டு. யாரப் பாத்துடா உறுமுற, உனக்குச் சோறு போட்ட ஆளுடான்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். சொல்லிக் குடுக்க வேணாமா?"

அல் அமீன் கையில் ஒட்டியிருந்த ஈரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"நாலு, அஞ்சு. சில நாளு கூடவே இருக்கும்."

"அக்கா, மொத நாளு அவன் உறுமினது ஆளு அடையாளம் தெரியாத பயத்துல. விட்டிருந்தா நாலு நாள்ல மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிருப்பான். ஆனா அண்ணன் பக்கத்துல இருக்கும்போதெல்லாம் நீங்க வந்தீங்க, அடி விழுந்துச்சு. நீங்க என்ன சொல்லி அடிச்சீங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த மனுசன் பக்கத்துல நாம இருந்து, இந்த அம்மாவும் வந்துட்டா, முதுகுல வலிக்கும். அம்புட்டுத்தான் அவனுக்குத் தெரிஞ்சது. அதான் அண்ணனத் தள்ளிப் போ, தள்ளிப் போன்னு வெரட்டுறான். கடிச்சதும் அதுக்குத்தான்."

நாகஜோதிக்குக் காதில் விழுந்தது. மனதில் இறங்க நேரமாயிற்று. "நான்... அவருக்காகத்தானே தம்பி அடிச்சேன்" என்றாள்.

அப்போது நாற்காலிக் கைப்பிடியில் சோலை இடது கையால் ஓங்கித் தட்டினார். இரண்டு தட்டு.

"பாருங்க! இப்பவும் தட்டுறாரு பாருங்க" என்று நாகஜோதி பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கெல்லாம் இப்படித்தான். நான் கம்ப எடுத்தாலே தட்டுவாரு. அவருக்கே அம்புட்டுக் கோவம். இன்னும் போடு, இன்னும் போடுன்னு அவரு சொல்லும்போது நான் என்ன செய்ய?"

சூரியபிரகாஷ் அப்பாவின் கையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா... அது போடுன்னு இல்லம்மா."

"பின்ன?"

"மார்க்கெட்டுல ஏலம் நடக்கும்போது வெலயில தகராறு வந்தா, இல்ல சரக்கு சரியில்லன்னு தெரிஞ்சா, அப்பா பலகையில ரெண்டு தட்டுத் தட்டுவாரு. அம்புட்டுப் பேரும் வாய மூடிருவாங்க. நிறுத்துன்னு அர்த்தம்மா. சின்னப் புள்ளைல நான் பாத்துருக்கேன்."

நாகஜோதி இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மார்க்கெட்டுக்குள் போனதில்லை. அங்கே பொம்பளைக்கு என்ன வேலை என்று சோலையே சொல்லியிருக்கிறார். காலையில் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி அனுப்புவதோடு சரி. அவர் என்ன தட்டுவார், எதற்குத் தட்டுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மகனுக்குத் தெரியும், ஆனால் அவன் எட்டு மணிக்கு மதுரைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வீட்டுக்கு வருவான். அடி விழுந்ததெல்லாம் பகலில்; ஞாயிற்றுக்கிழமைகளிலோ அவன் திவ்யாவையும் குழந்தையையும் பார்க்கப் போய்விடுவான்.

நாற்பது நாள். அவர் தட்டத் தட்ட அவள் அடித்திருக்கிறாள். வேகமாகத் தட்டினால் வேகமாக அடித்திருக்கிறாள். கையும் காலும் வாயும் போன மனிதர், மிச்சமிருந்த ஒரே கையால் நிறுத்து நிறுத்து என்று கதறியிருக்கிறார். அவர் கண் முன்னாலேயே, அவர் பெயரைச் சொல்லியே, அவர் பிள்ளை மாதிரி வளர்த்த உயிரை அவள் போட்டு அடித்திருக்கிறாள்.

"ஆமாவா?" என்று புருஷனிடம் கேட்டாள். "நிறுத்துன்னா சொன்னீங்க?"

சோலை தலையை அசைத்தார். ஆமாம்.

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பவிருந்த அல் அமீன் மனசு கேட்காமல் இருந்துவிட்டார். சூரியபிரகாஷ் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டது ஜன்னல் வழியே நாகஜோதியின் காதில் விழுந்தது.

"நாயி இங்க இருக்க முடியுமா, முடியாதா பாய்? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"அண்ணன்கூட இருக்கலாம். இனிமே அவர ஒன்னும் செய்ய மாட்டான். ஆனா அண்ணனும் அக்காவும் ஒன்னா இருக்குற எடத்துல அவன் இருக்கக் கூடாது. மூணு மாசமாவது."

"அப்பாவக் குளிப்பாட்டுறது, சோறூட்டுறது, தூக்கி உக்கார வைக்கிறது எல்லாமே அம்மாதான். அவங்க எப்படித் தள்ளி இருப்பாங்க? கைக்குழந்தை வேற வருது."

"அத நீங்கதான் முடிவு பண்ணணும் தம்பி. தோப்புல மட்டும் விடாதீங்க, சங்கிலியிலயே கெடக்கும். எங்கிட்ட குடுங்க, மைதானத்துல வச்சுக்கிறேன். எம்மவனா வச்சுக்கிறேன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா அடி விழாது."

நாலு மணிக்கு வண்டி வந்தது; டி. கல்லுப்பட்டித் தோப்புக்கு இல்லை, கப்பலூர் மைதானத்துக்கு. பின்பக்கம் திறந்த குட்டியானை மினி லாரி. மேனேஜர் ஏற மறுத்தது. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. சூரியபிரகாஷ் கயிற்றை இழுக்கப் போனான்; அல் அமீன் தடுத்தார். மகன் வலது பக்கம் தாங்கிக்கொள்ள, சோலை இடது கையால் வாக்கரைத் தள்ளித் தள்ளி, ஒவ்வோர் அடியாக, கேட் வரைக்கும் வந்தார். கிறீச், கிறீச். இப்போது அந்தச் சத்தத்துக்கு நாய் வாலை ஆட்டியது.

நாகஜோதி வெளியே வரக் கூடாது. அவள் வந்தால் நாய் மறுபடி அவரைப் பார்த்து உறுமும்; கடைசியாக அவர் பார்ப்பது அதுவாக இருக்கும். அதனால் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சோலை நாயைப் பார்த்தார். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் அவள் நிற்பது அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் அவருக்காகப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் மார்க்கெட் முக்கு வரைக்கும் வந்து நின்ற நாய். இன்னொரு பக்கம் அவள்.

அப்புறம் இடது கையை வீசி, வண்டியின் மேலே காட்டினார்.

மேனேஜர் ஒரே தாவில் ஏறியது. ஏறிவிட்டுத் திரும்பி, சரியாகச் செய்துவிட்டேனா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தது. அல் அமீன் கொடுத்த ஈரல் துண்டை சோலை நீட்ட, நக்கித் தின்றது. வண்டி கிளம்பியதும்தான் அதற்கு விஷயம் புரிந்தது. தெருமுனை திரும்பும் வரை அது குரைத்ததும், அப்புறம் நாலுவழிச் சாலையின் லாரிச் சத்தத்தில் அந்தக் குரல் அமுங்கிப்போனதும் நாகஜோதிக்குக் கேட்டன.

பைக்கை எடுக்கும் முன் அல் அமீன் ஜன்னலருகே வந்தார்.

"அக்கா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மைதானத்துல இருப்பேன். மனசிருந்தா தனியா வாங்க. கையில ஒன்னும் கொண்டு வராதீங்க. தெனம் ஒரு மணி நேரம் அவன் முன்னாடி சும்மா உக்காரணும்."

"எம்புட்டு நாள்ல சரியாகும் தம்பி?"

"தெரியலக்கா. சிலதுக மன்னிச்சுரும். சிலதுக மன்னிக்காது. வாரேன்."

ஏழரை மணிக்கு நாகஜோதி ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு சோலையின் கட்டிலுக்குப் போனாள். அவர் தட்டைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தாள். தள்ளிவிட்டால் தேவலை என்றும் நினைத்தாள். அவர் வாயைத் திறந்தார். ஊட்டியதை விழுங்கினார். அடுத்த வாய்க்கும் திறந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து புதிதாக முளைத்துவரும் மீசையில் இறங்கிச் சோற்றோடு சேர்ந்து போனது. அவள் பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை. முப்பது வருடக் குடும்பத்தில் இப்படி ஒரு தண்டனையை அவள் அனுபவித்ததில்லை.

"ஏங்க" என்றாள். "காலையில மொத பஸ்ஸுக்கு நான் கப்பலூரு போறேன். அவன் முன்னாடி போயி உக்காந்துக்கிறேன். கடிச்சாலும் பரவால்ல. நான் வர்ற வரைக்கும் சூர்யா உங்களப் பாத்துக்குவான். போகட்டுமா?"

சோலை மெல்லத் திரும்பினார். சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினார். வேண்டாம்.

எதற்கு வேண்டாம்? கடிபடாதே என்கிறாரா? பட்ட அடி போதும், அந்த ஜீவனை இனியாவது விட்டுவிடு என்கிறாரா? இல்லை, தன்னைத் தனியாக விட்டுப் போகாதே என்கிறாரா? முன்பென்றால் அவளே ஒன்றை முடிவு செய்துகொண்டு, "சரி சரி, புரியுது" என்று எழுந்து போயிருப்பாள். நாற்பது நாளும் அப்படித்தானே போனது.

தட்டைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் புரியலைங்க" என்றாள். "மெதுவாச் சொல்லுங்க. விடிய விடியன்னாலும் நான் இங்கனதான் இருப்பேன்."